நாலு மணி நேரத் தூரம்

நான் விமானத்தில் ஏறியதில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததும் இல்லை. ஆனால் துபாயிலிருந்து மெட்ராஸ் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். நூல் போட்டு அளந்தால் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரம். அங்கே காலை ஆறு என்றால் இங்கே ஏழரை. இந்த மூன்றையும் ஒரு வழக்குக்காகத் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர். சொந்தம் இல்லை, குத்தகை. மாயவரத்துப் பக்கம், குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓரமாக இருக்கிறது. மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். அவருக்காக நெல் அளந்துகொண்டு போக ஒரு காரியக்காரர் வருவார். என் மாமனார் அந்தப் பண்ணையில் ஆளாக இருந்து, பிறகு இந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தவர். பண்ணைக்கும் ஆட்களுக்கும் சண்டை வந்தது. ஒரு வருஷம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சிவப்புக் கொடி, அந்தப் பக்கம் போலீஸ் வண்டி, நடுவில் அறுப்பு. மாமனாருக்கு அதில் ஒரு கை உடைந்தது. கடைசி வரை அந்தக் கை நேராக நீளவில்லை. அப்புறம் கறுப்பு சிவப்பு ஆட்சி வந்தது. குத்தகைக்காரர் பேரைத் தாலுகா ஆபீஸில் பதியச் சொன்னார்கள். மாமனார் பேர் ஏறியது. அவர் காலமான பிறகு என் வீட்டுக்காரர் பேர் ஏறியது. அந்த ஒரு வரிதான் எங்களுக்கு இருந்தது.

இரண்டு வருஷம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. குறுவை போயிற்று. சம்பா பாதிதான் கண்டது. வீட்டுக்காரர் துபாய்க்குக் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனார். ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருஷம் ஆயிற்று. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், அப்போது சின்னது.

உழவுக்கு மாடு பிடித்துவிடலாம். நடவுக்குப் பெண்கள் வருவார்கள். வரப்பு வெட்டுவதும் தண்ணீர் பாய்ச்சுவதும்தான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் அது ஆம்பிளை வேலை. முறைத் தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போது போய் மடையைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு எந்தக் கூலியாளும் வரமாட்டான். அவனவனுக்கு அவனவன் மடை. முதல் வருஷம் பாதி வயல் காய்ந்தது. இரண்டாம் வருஷம் நானே மம்பட்டியை எடுத்தேன். வீட்டுக்காரர் உயரமானவர். அவர் மம்பட்டிக் காம்பு எனக்கு நீளம். கொத்தும்போது நெஞ்சில் வந்து இடிக்கும். ஆசாரியிடம் கொடுத்து ஒன்றரைச் சாண் அறுத்துப் போட்டேன்.

நடவுக்கு வந்த பெண்கள் கேலி பண்ணினார்கள்.

"என்னடி, மீசை மொளைச்சிருக்கா?"

"இன்னும் இல்ல. மொளைச்சா சொல்லி அனுப்புறேன்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லத் தெம்பு இருக்காது. மடைக்கும் வீட்டுக்கும் நடந்தே கால் ஓய்ந்துவிடும்.

அவர் போய் மூன்று வருஷம் முடிந்த ஆவணியில், மிராசுதார் போட்ட மனுவுக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கோர்ட்டுத் தமிழ் புரியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் தபாலாபீஸையும் பார்த்துக்கொண்டார். அவர் படித்துச் சொன்னார். விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் கூட இருந்தார். எங்கள் தெருக்காரர். சண்டைக் காலத்தில் என் மாமனாரோடு ஜெயிலுக்குப் போனவர்.

"நெலத்துல தானே பாடுபடுறவருக்குத்தான் குத்தகைப் பாத்தியதையாம்," என்றார் வாத்தியார். "ஒங்க வீட்டுக்காரரு மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருக்காரு, அங்கேருந்து எப்படிப் பாடுபடுவாருன்னு கேட்டிருக்காங்க. அதனால பேரை அடிச்சுட்டு நெலத்த மீட்டுக் குடுக்கணுமாம்."

"மூவாயிரம்னு எவன் அளந்தான்?" என்றார் சங்கத்துக்காரர்.

வாத்தியார் பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்தார். ஒரு நூலை எடுத்து துபாயில் ஒரு நுனி, மெட்ராஸில் ஒரு நுனி வைத்துப் பிடித்தார். பிறகு அந்த நூலைப் படத்தின் கீழே போட்டிருந்த அளவுக்கோட்டில் வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். நடுவில் முழுக்கக் கடல். என் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

"கொஞ்சம் கொறையுது. ஆனா பெரிய பொய் இல்ல."

"தூரத்த விடுங்க சார். எத்தனை மணி நேரம்?"

"பிளேன்ல நாலு மணி நேரம்னு சொல்றாங்க."

சங்கத்துக்காரர் தொடையைத் தட்டினார். "நம்ம ஊர்லேருந்து மெட்ராசு போக ரயில்ல ஒரு ராத்திரி. அப்ப மெட்ராச விடத் துபாய்தானே கிட்ட? கும்பகோணத்துல உக்காந்திருக்க மிராசுதாரு இந்த வயலுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு மொதல்ல கேக்கணும்."

வாத்தியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோர்ட்டில் நூலும் சிரிப்பும் செல்லுமா என்று தெரியவில்லை.

இரண்டு வாய்தா போனது. இரண்டு தடவையும் மாயவரத்துக்குப் பஸ்ஸில் போய், மரத்தடியில் நின்று, சாயங்காலம் திரும்பி வந்தேன். கடைசியில் வழக்கை விசாரிக்கிற அதிகாரி நேரில் நிலத்தைப் பார்க்க வருவார் என்றார்கள். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு. அன்றைக்கு அவர் வயலில் யாரைப் பார்க்கிறாரோ, எழுதுகிற குறிப்பு அதைப் பொறுத்தது.

"ஒன் வீட்டுக்காரரு வந்து நிக்கணும்," என்றார் சங்கத்துக்காரர். "கூப்ட்டா நாலு மணி நேரத்துல வந்துடுவாருன்னு கண்ணால காட்டணும். வேற வழியில்ல, தங்கச்சி."

தந்தி அடித்தோம். அஞ்சு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் தந்தி வந்தது. புதன் இரவு விமானம், வியாழன் காலை மெட்ராஸ். அவ்வளவுதான் இருந்தது. வாத்தியார் கணக்குப் போட்டார். வியாழக்கிழமை பகலில் மெட்ராஸில் இருப்பார். அன்றைக்கு ராத்திரி ரயில் ஏறினால் வெள்ளி விடியக் குத்தாலத்தில் இறங்கிவிடுவார். பத்து மணிக்கு வயலில் நிற்கலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சங்கத்துக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு நல்ல பொடவையா கட்டிக்க. பதிவுக் காயிதத்த எடுத்து வச்சிக்க. இன்னொண்ணு, அந்த மம்பட்டிய எங்கயாச்சும் மறைச்சுடு."

"ஏண்ணே?"

"ஆம்பள இல்லாத ஊடுன்னு அது பறையடிக்கும். பொம்பள வரப்பு வெட்டுறான்னு தெரிஞ்சா, பாத்தீங்களா, இவ புருஷன் ஒண்ணும் செய்யிறதில்லன்னு எழுதிட்டுப் போயிடுவான்."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. மம்பட்டியைக் கழுவி, வயலோரம் இருந்த நொச்சிப் புதருக்குள் செருகி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே சங்கத்துக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். பெட்டி கட்ட கேரியரில் கயிறு வைத்திருந்தார். நான் சோறு வடித்து, மீன் குழம்பு வைத்தேன். மூன்று வருஷமாக வீட்டுக்காரர் கேட்டு எழுதியது அது ஒன்றைத்தான். ஏழு மணிக்கு சைக்கிள் திரும்பி வந்தது. கேரியரில் கயிறு மட்டும் இருந்தது.

"எறங்கல தங்கச்சி. பொட்டிக்குப் பொட்டி பாத்துட்டேன்."

"அடுத்த வண்டி?"

"அது வந்தா பத்து தாண்டிடும்."

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வயலுக்குப் போனேன். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டியிருந்தேன். காகிதம் மஞ்சப்பையில் இருந்தது. வரப்பில் பூவரசு மரத்தடியில் நின்றேன்.

நட்டு நாலு நாள் ஆன பயிர். அப்போதுதான் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர் விரல் கணுவளவு நிற்க வேண்டும். எங்கள் முறை முதல்நாளோடு முடிந்துவிட்டது. இனி அஞ்சு நாள் கழித்துத்தான் வாய்க்காலில் எங்களுக்குத் தண்ணீர்.

ஒன்பதரை இருக்கும். தெற்கு வரப்பு ஓரம் பயிர் அடித் தண்டு தெரிந்தது. காலையில் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் கொஞ்சம் தெரிந்தது. நண்டு வளை. இரவில் வரப்பைத் துளைத்திருக்கிறது. தண்ணீர் அந்தப் பக்கம் வடிகாலில் சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

சங்கத்துக்காரர் ரோட்டில் அதிகாரியின் ஜீப்புக்காக நின்றார். கூப்பிட ஆள் இல்லை. அதிகாரி வந்து போகிற வரை காத்திருந்தால் வயல் முழுக்க வடிந்துவிடும். பயிர் போனால் நிலம் இருந்து என்ன. இதை அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்று தெரியவில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினேன். புதரிலிருந்து மம்பட்டியை எடுத்தேன். இறங்கிவிட்டேன்.

வளையின் வாயை மட்டும் அடைத்தால் போதாது. வரப்பைக் குறுக்கே வெட்டி வளையைக் கண்டுபிடித்து, வைக்கோலும் சேறும் திணித்து, குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும். இரண்டு இடத்தில் ஓடியிருந்தது. இரண்டாவது வளையை மிதித்துக்கொண்டிருந்தபோது மேலே பேச்சு கேட்டது.

அதிகாரி, கூட ஒரு குமாஸ்தா, காரியக்காரர், பின்னால் சங்கத்துக்காரர். அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். வெயிலில் வந்த களைப்பு. அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய நிலம் இன்னும் மூன்று இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

"குத்தகைக்காரர் எங்கப்பா?"

"வந்துக்கிட்டு இருக்காருங்க," என்றார் சங்கத்துக்காரர். "புதன் ராத்திரி பிளேன் ஏறிட்டாரு. நாலு மணி நேரந்தாங்க."

அதிகாரி விரல் விட்டு எண்ணினார். "அப்படின்னா நேத்துக் காலையிலயே மெட்ராஸ் வந்திருக்கணுமே. இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

காரியக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"இதத்தாங்க நாங்களும் சொல்றோம். ஏரோப்பிளேன்ல வந்து எவனாச்சும் வெவசாயம் பண்ணுவானா? மடை ஒடைஞ்சா டிக்கெட் எடுத்துட்டு வர்றதுக்குள்ள வாய்க்காலே வத்திடும்."

குமாஸ்தா சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ யாரும்மா? கூலிக்கு வந்தியா?"

"இல்லைங்க. அவரு சம்சாரம்."

"அங்க என்ன பண்ற?"

"நண்டு ஓட்டைங்க. தண்ணி போவுது."

சொல்லிவிட்டு மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாதி வேலை கெட்டுவிடும். சங்கத்துக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டதைப் பார்த்தேன். என் கையில் மம்பட்டி இருந்தது.

"நாடகமுங்க," என்றார் காரியக்காரர். "பொம்பள மம்பட்டி புடிச்சு வரப்பு வெட்டி இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? நீங்க வர்றீங்கன்னு சோடிச்சு எறக்கி விட்டிருக்கானுவ. பட்டுப் பொடவைய வேற பாருங்க."

"பட்டு இல்லைங்க, நூலு," என்றேன்.

அதிகாரி குனிந்து கையை நீட்டினார். "அதக் குடு."

மம்பட்டியைக் கொடுத்தேன். சேற்றோடு வாங்கினார். நேராக நிறுத்திப் பார்த்தார். காம்பு அவர் தொடைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அறுத்த நுனியை விரலால் தடவினார். அது வழவழவென்று கறுத்துப் போயிருந்தது. இரண்டு வருஷத்துக் கை பட்ட இடம்.

"இது யாருக்கு வெட்டின காம்பு?"

"எனக்குத்தாங்க. அவருது நீளம்."

"எப்ப வெட்டின?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சம்பாவுக்கு."

அதற்கப்புறம் நிறையக் கேட்டார். என்ன விதை, எந்த மடை, எங்களுக்குப் பிறகு யார் முறை, வடக்கே யார் வயல், போன அறுப்பில் எந்தப் பக்கம் சாய்ந்தது. கேட்கக் கேட்கச் சொன்னேன். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அதே கேள்விகளைக் காரியக்காரரிடமும் கேட்டார். அவருக்கு மடை எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது.

அதிகாரி மரத்தடியில் நின்றபடியே குமாஸ்தாவை எழுதச் சொன்னார். பிறகு சங்கத்துக்காரரைப் பார்த்து, "சட்டத்துல தன் உழைப்பு, இல்லேன்னா குடும்பத்தார் உழைப்புன்னு இருக்கு. நீங்கதான் சட்டம் பேசுறவராச்சே. அப்புறம் எதுக்கு அந்த மனுஷனைக் கடல் தாண்டிக் கூப்ட்டீங்க?" என்றார்.

சங்கத்துக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"படிச்சங்க. குடும்பத்தார்னா அண்ணன் தம்பின்னு நெனச்சேன். அவருக்குத்தான் யாரும் இல்லையே."

"சம்சாரம்?"

"அது... தோணலைங்க."

ஜீப் போய்விட்டது. நான் வரப்பின் மேல் உட்கார்ந்தேன். சங்கத்துக்காரர் கொஞ்ச தூரம் தள்ளி நின்றார்.

"மறைக்கச் சொன்னேன் பாரு," என்றார்.

"நானுந்தாண்ணே மறைச்சேன்."

அன்று மத்தியானம் வாத்தியார் ஒரு தந்தியோடு வந்தார். விமானம் தவறியது, சனிக்கிழமை வருகிறேன் என்று இருந்தது. முதல்நாளே அங்கே கொடுத்த தந்தி. மீன் குழம்பை அப்படியே பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

உத்தரவு வர மாசி ஆயிற்று. மிராசுதாரின் மனு தள்ளுபடி. அது பிறகு.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை விடிய வந்து சேர்ந்தார். சங்கத்துக்காரர்தான் மறுபடி சைக்கிளோடு போயிருந்தார். பெட்டி சின்னதாக இருந்தது. அவரும் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தார். கழுத்தும் கையும் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. பெரியவள் மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பாதியில் கையை இலையிலேயே வைத்துக்கொண்டார்.

"டிக்கெட்டுல புதன்கிழமை, பன்னண்டரைன்னு போட்டிருந்துச்சு," என்றார். "புதன்கிழமை ராத்திரிதானேன்னு அன்னைக்கு வேலைக்கும் போயிட்டு, பொழுது சாஞ்சதும் ஏர்போட்டுக்குப் போனேன். அந்தப் பிளேன் அன்னைக்கு விடியறதுக்கு முந்தியே போயிடுச்சுன்னுட்டான்."

எனக்குப் புரியவில்லை. விடிந்தால்தானே அடுத்த கிழமை. விடிகிற வரை முந்தின கிழமை ராத்திரி. எங்கள் ஊரில் குழந்தை பிறந்தாலும் அப்படித்தான் சொல்வோம். அவர் சொன்னார், அங்கே நடு ராத்திரி பன்னிரண்டு அடித்ததுமே கிழமை மாறிவிடுமாம். டிக்கெட்டில் புதன் என்று போட்டால் நாம் சொல்கிற செவ்வாய் ராத்திரியாம். அவரோடு தங்கியிருந்த பத்துப் பேரும் நம்ம பக்கத்து ஆட்கள். டிக்கெட்டை எல்லாரும் வாங்கிப் பார்த்தார்களாம். எல்லாரும் புதன் ராத்திரி என்றே சொன்னார்களாம்.

"வேலை?" என்று கேட்டேன்.

"லீவு குடுக்கல. வேலைய முடிச்சுட்டதா எழுதி வாங்கிக்கிட்டுத்தான் கம்பெனிக்காரன் பாஸ்போட்டக் குடுத்தான்."

"அப்ப திரும்பப் போறது?"

"இல்ல."

பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கைகழுவிவிட்டு அங்கேயே படுத்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. சங்கத்துக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் போனார்.

"நாலு மணி நேரம் ஒக்காந்து வந்ததுக்கு இவ்வளவு அசதியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மூணு வருஷத்து அசதி," என்றேன்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் வயலுக்குப் போனோம். தண்ணீர் குறைந்திருந்தாலும் பயிர் பிழைத்திருந்தது. நான் அடைத்த இடத்தில் வரப்பு கொஞ்சம் அமுங்கியிருந்தது. மேலே மண் போட வேண்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினார். இறங்கி நின்று, எங்கே என்று பார்த்தார். அவருக்கு இடம் தெரியவில்லை.

"மடையிலேருந்து பன்னண்டு எட்டு. இன்னும் அந்தாண்ட போங்க."

போனார். ஓங்கிக் கொத்தினார். காம்பு பத்தவில்லை. கூடக் குனிய வேண்டியிருந்தது. நாலு கொத்து கொத்திவிட்டு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மம்பட்டியைத் திருப்பி அறுத்த நுனியைப் பார்த்தார்.

"வேற காம்பு போடணும்," என்றார்.

"அத அப்படியே வுடுங்க. ஒங்களுக்கு வேற மம்பட்டி வாங்கிக்கலாம்."

மம்பட்டியை மறுபடி திருப்பிப் பிடித்தார். பிறகு குனிந்து, அந்தக் குட்டைக் காம்பிலேயே மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று மிதித்துக்கொண்டே போனேன்.